மறதியின் நயம்

தெம்பனிஸ் ஸ்திரீட் 92இல் உள்ள கெப்பல் தரவு நிலையங்கள் போன்ற கட்டடங்களில் இயங்கும் மேகக் கணிமைக்கு, ஒரே கோப்புறையைப் பல சர்வர்கள் வலைவழிப் பகிர்ந்து, தத்தம் சொந்த வட்டைப் போலவே கையாளும் முறை பெரிதும் உதவுகிறது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்.எஃப்.எஸ். நெறிமுறை இவ்வகையில் இன்றும் வழக்கில் உள்ளது. அதன் தொடக்க வடிவத்தின் அழகு, கோப்பைக் காக்கும் சர்வர் யார் எதைத் திறந்தார் என்பதை நினைவில் கொள்ளாமையே ஆகும்: எந்தக் கோப்பு, எத்தனையாவது பைட்டிலிருந்து, எவ்வளவு என்பதை ஒவ்வொரு வேண்டுகோளும் தானே சுமந்துவருவதால், சர்வர் இடையில் நின்று மீண்டெழுந்தாலும், கேட்ட கணினி அதையே திரும்பக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நான்காம் பதிப்போ, ஒருவர் எழுதுகையில் மற்றவர் குறுக்கிடாதிருக்க, 'பூட்டு' எனப்படும் உரிமையைத் தவணைக்கு அளித்து, அதை நினைவிலும் வைக்கிறது. லினக்ஸில் அத்தவணை வழக்கமாக 90 விநாடி. தேவையான மாற்றமே, எனினும் பழைய எளிமை போயிற்று.