‘யூ’ என்றால் யார்? : ஸ்போக்கன் இங்கிலீஷ், அந்நியர் நட்பு, நெய்வேலி

இங்கிலீஷ் தெரியுமா என்பது ஒரு கேள்வி. இங்கிலீஷ் பேசத் தெரியுமா என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற இடைவெளியில்தான் ஒரு முழு வியாபாரமும் நடக்கிறது. ஜப்பானில் அதற்கு ‘எய்காய்வா’ என்று பேர். நம்மூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ்.

அமெரிக்க மரைன் படையில் சிப்பாயாக ஒகினாவாவுக்குப் போய், பிறகு ஜப்பானிலேயே ஆசிரியராகத் தங்கிவிட்ட டக்ளஸ் லம்மிஸ், 1970களிலேயே இந்த வியாபாரத்தைப் பிரித்துப் போட்டார். ‘ஆங்கில உரையாடல் என்னும் கருத்தியல்’ என்று தமிழில் சொல்லலாம். அந்தத் தலைப்பில் 1976இல் ஜப்பானிய மொழியில் புத்தகமும் வந்தது. அவர் சொல்வது இதுதான்: ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்று விளம்பரத்தில் போட்டால் அதற்கு வெள்ளைத்தோல் என்று அர்த்தம். வகுப்பில் விற்கப்படுவது மொழி அல்ல, ஓர் அமெரிக்க நண்பன் கிடைத்துவிட்டதான பாவனை. அந்த உரையாடலில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே தட்டையாக ஓடுகிற பேச்சு.

லம்மிஸ் எழுதி முடித்ததோடு விஷயம் நின்றுவிடவில்லை. 1987இல் ஜப்பான் அரசே ஜெட் என்ற திட்டத்தைத் தொடங்கி, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று நான்கு தேசத்து இளைஞர்களைப் பள்ளிகளுக்கு வரவழைத்தது. தனியார் பக்கத்தில் நோவா என்கிற கம்பெனி ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் கடை விரித்தது. அங்கே ஒரு விதி இருந்தது: ஆசிரியர் தன் மாணவரோடு வகுப்புக்கு வெளியே பழகக் கூடாது. நட்பு என்கிற சரக்கை மணிக்கணக்கில் விற்கிற கடை, இலவசமாக நட்பு கிடைத்துவிடக் கூடாதே என்று பயந்தது. 2007 அக்டோபரில் நோவா திவாலானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். அப்போதுதான் சில பேர் பழைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, பதிலுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி செத்த பிறகுதான் அந்த உறவுக்கு உயிர் வந்தது போலும்.

சரி, இதை அப்படியே தூக்கிவந்து நெய்வேலியில் வைத்துவிடலாமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

நெய்வேலிக்கு வந்த அந்நியர் வேறு மாதிரி. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. 1962இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020இல் மூடப்பட்டது. சுரங்கத்தில் மண்ணை வாரிப்போடும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மன்காரர்களுடையவை. ஆக, இங்கே வந்து தங்கிய ரஷ்யருக்கும் ஜெர்மானியருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது. எதிரே நின்ற தமிழ் என்ஜினியருக்கும் கிடையாது. இரண்டு பக்கமும் இரவல் மொழி. யாரும் யாருடைய உச்சரிப்பையும் திருத்த யோக்கியதை இல்லாத இடம். ஆசிய மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியாக ஆங்கிலம் மாற முடியும் என்று லம்மிஸ் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார் அல்லவா, அந்த வாசலின் ஒரு பிரதி நம்மூர் பாய்லர் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது.

ஆனால் இதை ரொம்பவும் கொண்டாடிவிட வேண்டாம். அந்தப் பேச்சு இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தத்துக்குள் நடந்த பேச்சு. ஒப்பந்தம் முடிந்ததும் ஆள் ஊருக்குப் போனார். 1991இல் அந்த ஊரே தேசப்படத்தில் இல்லாமல் போயிற்று. காலத்தைத் தாண்டி நின்ற ரஷ்ய நட்பு எது என்று தேடினால், அது தமிழ் படித்தவர்களின் நட்பு. 2020இல் மறைந்த அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி மாஸ்கோவில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். இங்கே வந்தால் தமிழிலேயே பேசினார். அந்தப் பக்கம் மாஸ்கோவில் போய் உட்கார்ந்து ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் மொழிபெயர்த்தவை இன்னும் நம் அலமாரியில் இருக்கின்றன. அடுத்தவன் மொழிக்குள் போய்த் தடுக்கி விழத் தயாராக இருந்தவர்கள் இவர்கள். எய்காய்வா மாணவன் அப்படி விழுகிறான், ஆசிரியன் விழுவதில்லை. அசமத்துவம் அங்கேதான்.

இப்போது நம்முடைய ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு வருவோம். கபில்தேவ் விளம்பரத்தில் வந்த ரேபிடெக்ஸ் தொடங்கி ‘முப்பது நாளில்’ வகையறா வரை புரட்டிப் பாருங்கள். வங்கியில், தபாலாபீசில், டாக்டரிடம், நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் என்று உரையாடல்கள் இருக்கும். கான்ட்ராக்டரிடம் ‘என் பி.எஃப். கணக்கு என்னாச்சு?’ என்று கேட்பது எப்படி என்று நான் பார்த்த எதிலும் இல்லை. சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடுகிற ஊருக்கு எவ்வளவு பொருத்தமான பாடத்திட்டம்!

இவ்வளவு சொன்ன பிறகும், ஒப்பந்தத் தொழிலாளியின் மகள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவதை லம்மிஸை வைத்துக்கொண்டு நாம் கேலி செய்ய முடியாது. ஜப்பானில் அந்த மொழி, ஆக்கிரமித்த ராணுவத்தின் பின்னாலேயே வந்தது. இங்கே அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. தமிழில் ஒருவரிடம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதியாக வேண்டியிருக்கிறது: நீயா, நீங்களா, அண்ணேவா, ஐயாவா, யோவ்வா. வயசு, சாதி, வேலை எல்லாம் அந்த ஒற்றை விளிக்குள் இருக்கிறது. ‘யூ’ என்பது அந்தத் தீர்ப்பைத் தள்ளிவைக்கிறது. சந்திரபான் பிரசாத் ஆங்கிலத்தை தலித் மக்களின் தெய்வம் என்றதையும், உத்தரப் பிரதேசத்தில் பங்கா கிராமத்தில் 2010இல் அந்தத் தெய்வத்துக்குக் கோயில் கட்டத் தொடங்கியதையும் வெறும் தமாஷ் என்று ஒதுக்குகிறவர்களுக்கு இந்த வலி தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? ‘யூ’வுக்குப் பின்னாலேயே ஒரு ‘சார்’ ஒட்டவைத்துவிட்டார்கள். முன்வாசல் வழியாக வெளியே போனது கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. என்ஜினியர் ஒப்பந்தத் தொழிலாளியை ‘யூ’ என்பார். தொழிலாளி என்ஜினியரை ‘யூ’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திப் பார்க்கட்டும்.

விளியைச் சமப்படுத்தும் வேலையைத் தமிழுக்குள்ளேயே செய்த சொல் ஒன்று உண்டு. தோழர். 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியார், ஸ்ரீ, திரு எல்லாம் வேண்டாம், தோழர் என்றே அழையுங்கள் என்றார். ரஷ்யா வழியாக வந்து தமிழாகிப்போன விளி. நெய்வேலியின் வாயிற்கூட்டங்களில் அது எத்தனையோ முறை ஒலித்திருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடையில் அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதை நம் தொழிற்சங்கத் தோழர்கள்தான் எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை என்பது என் குறை.

இப்போது நகரியத்துக்கு வருகிற அந்நியர் ரஷ்யர் அல்ல. 2022இல் பொறியாளர் தேர்வில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இடமில்லையே என்று சர்ச்சை எழுந்ததே, அந்தப் பட்டியல்களின் வழியே வருகிறவர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் பிடிக்கவிருந்த நெல்லுக்குள் வாய்க்கால் வெட்ட இயந்திரம் இறங்கியது. அதற்கு ஓர் உரையாடலை யாராவது ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்துக்கு எழுதித்தரலாம். ஒரு பக்கம் வயல்காரர், ஒரு பக்கம் அதிகாரி. இடம்: வரப்பு. முதல் வரியை யாருக்குக் கொடுப்பது, அவர் எதிரில் நிற்பவரை என்னவென்று கூப்பிடுவது என்பதை எழுதுகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.