ஒட்டகக் கயிறு யார் கையில்?

தமிழில் பாலைவனப் பயணக் கட்டுரைக்கென்று ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. ஜெய்சல்மேரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் சாம் மணல்மேடு. மாலையில் ஒட்டகத்தில் ஏறுவது, அது பின்னங்காலை முதலில் நிமிர்த்தும்போது அலறுவது, அஸ்தமனம், கூடாரம், பாட்டு, ஆட்டம், நட்சத்திரம். விடிந்தால் திரும்பிவிடலாம். எழுதுகிறவர் மாறுகிறார், பிரதி மாறுவதில்லை. பேரண்டத்தின் முன் 'நான்' கரைந்துபோனதாக ஒரு வரி கட்டாயம் உண்டு. கரைந்துபோன அந்த 'நான்' காலையில் டிபன் ஆறிப்போச்சுன்னு சண்டை போடும்.

இப்பிரதிகளில் காணாமல் போகிறவர், மூக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வருகிறவர். மிஞ்சிப்போனால் 'ஒட்டகக்காரர்' என்று ஒரு சொல். 2012இல் நாட்டில் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் 2.5 லட்சமாகிவிட்டன. சுமைக்கு லாரியும் உழவுக்கு டிராக்டரும் வந்தாயிற்று, மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்டது. ராஜஸ்தான் அரசு 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக்கியது. 2015இல் அதை வெட்டக் கூடாது, அனுமதியில்லாமல் வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டது. சந்தையில் விலை விழுந்தது. தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்த ராய்க்கா மக்கள் தங்கள் பிழைப்பே போனதாகச் சொல்கிறார்கள். விலங்கு சின்னமாகிவிட்டது, வளர்த்தவர் சின்னத்துக்கு வெளியே நிற்கிறார். பயணக் கட்டுரையும் அதையேதான் செய்கிறது.

நம் மரபு பாலையை இப்படிக் காட்சியாகப் பார்க்கவில்லை. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். பாலை ஒரு நிலைமை, அதன் உரிப்பொருள் பிரிவு. (அகநானூற்றின் 245ஆம் பாட்டில் ஒட்டகம் வருகிறது. யாரையும் சுமக்கவில்லை. பசியோடு காய்ந்த எலும்பைத் தின்கிறது.) கூடாரப் பயணத்தில் பிரிவு கிடையாது. குடும்பத்தோடு போய்க் குடும்பத்தோடு திரும்புகிற பாலை அது. பிரிவை நீக்கிவிட்டு மணலை மட்டும் விற்கிறார்கள்.

பிரிவு வேறிடத்தில் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு அபூர்வம். பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் சொன்னது அங்கே விசா, ஏஜெண்ட், வட்டிக் கடன் என்று நடக்கிறது. போய் வந்தவரிடம் பாலைவனம் பற்றிக் கேளுங்கள். நட்சத்திரம் வராது. கபில் வருவார், இக்காமா வரும், பாஸ்போர்ட்டு யார்கிட்ட இருந்துச்சுங்கிற கதை வரும். சவூதியில் 2021 மார்ச்சில் தொழிலாளர் வேலை மாறவும் ஊர் திரும்பவும் விதிகளைத் தளர்த்தியபோது வீட்டு வேலையாட்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், மேய்ப்பர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அதாவது பாலைவனத்தில் நிஜமாகவே இராத் தங்குகிறவர்களை விட்டுவிட்டார்கள்.

மலையாளத்தில் பென்யாமின் 2008இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' இந்த மேய்ப்பனைப் பற்றியது. பிளெஸ்ஸி இயக்கி 2024இல் வந்த படத்துக்கு ஜோர்டானின் வாடி ரம்மில் நிறையப் படம்பிடித்தார்கள். சுற்றுலாக்காரர்கள் ஒட்டகமேறிப் போய்க் கூடாரத்தில் இரவு தங்கும் இடமும் அதே வாடி ரம்தான். அடிமையின் பாலையும் விருந்தாளியின் பாலையும் ஒரே மணல். யார் விடிந்ததும் கிளம்பலாம் என்பதில்தான் வித்தியாசம். படம் பார்த்து அழுதவர்களும் சாமுக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள். அழுததைப் பொய்யென்று சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்துக்கொள்ள நுகர்வுக் கலாச்சாரம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இப்போது பாலை உள்ளூருக்கும் வந்துவிட்டது. பெரம்பலூருக்குத் தெற்கே காரை, குளக்காநத்தம் பகுதியில் அரித்துப் போன வெற்று நிலம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி. இன்றும் காலடியில் ஜிப்சமும் கிளிஞ்சல் படிவங்களும் கிடக்கின்றன. கேமராவோடு வருகிறவர்களுக்கு அது 'நம்மூர்ப் பாலைவனம்'. வந்தவர்கள் படிவங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டும் போகிறார்கள். அரியலூர்ப் பக்கம் அதே கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத் தோண்டியெடுத்துச் சிமெண்ட் ஆக்கியபின் கிடக்கும் பள்ளங்களைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. சிலப்பதிகாரக் கணக்குப்படி அதுதான் பாலை, இயல்பு கெட்ட நிலம்.

நாளைக்குக் காரையிலும் யாராவது கூடாரம் அடிக்கலாம், ஒட்டகமும் வரலாம். வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே இருப்பது மணல் இல்லை, களிமண். ஒரு மழை பெஞ்சா ஒட்டகத்துக்குக் கால் நிக்காது. கயிறு பிடிக்கிறவர்தான் முதலில் விழுவார்.