படுகளமும் கடைசி எபிசோடும்

இணையத் தொடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சில ஆண்டுகளாக ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். நெடுந்தொடரில் ஊறிய தமிழ்ப் பார்வையாளருக்கு முடிவு என்ற ஒன்றே தெரியாதாம்; எட்டு எபிசோடு சீசன்கள் வந்த பிறகுதான் அது வாய்த்ததாம்; அந்த முடிவின் நிறைவும் யாராலும் ஊகிக்க முடியாத திருப்பத்தில்தான் இருக்கிறதாம். முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறவரைக் குற்றவாளிபோல் பார்க்கும் இன்றைய வழக்கமும் இதிலிருந்து வந்ததுதான். இந்தக் கருத்தின் இரண்டு பாதியும் தவறு. கதை யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறதோ அதைக் கண் முன்னால் தீர்த்துவைக்கிறதா என்றுதான் பார்வையாளர் கடைசி நாளில் பார்க்கிறார். தீர்த்துவைத்தால், முடிவு முன்பே தெரிந்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் குறைவதில்லை.

இதற்கான சான்று திருப்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவு செய்தார். பாடி முடிக்கப் பதினெட்டு இரவுகள் ஆயின. அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் களத்தில் விழுவார்கள் என்பது கொங்கு நாட்டில் குழந்தைக்கும் தெரியும். தங்கை தங்காள் களம் தேடிப் போய் அவர்களை எழுப்புவாள், எழுந்தவர்கள் நிலைக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் கூட்டம் படுகளத்துக்காகவே காத்திருந்தது. உடுக்கை ஒலியில் அருள் வந்து ஆட்கள் பிணம்போல் சாய்வதையும், தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புவதையும் பார்க்காமல் யாரும் வீடு திரும்பியதில்லை. இத்தனை இரவுகள் கேட்ட பகையும் பாசமும் அந்த ஒரு களத்தில்தான் கணக்குக்கு வருகின்றன. இதே கதையைப் பெக் பின்னாளில் 26 பாகங்கள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் செய்தார். தொடர் வடிவமும் அதன் முடிவும் தொலைக்காட்சி நமக்குக் கற்றுத் தந்தவை என்று சொல்கிறவர்கள் ஓலப்பாளையத்தின் அந்தப் பதினெட்டு இரவுகளை எங்கே வைப்பார்கள்?

தூர்தர்ஷன் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். பதின்மூன்று வாரம் என்ற அளவு அப்போது எழுதுகிறவர் கையைக் கட்டியது. அந்தக் கட்டு பல நேரம் நன்மையாகவே முடிந்தது. அந்தக் காலத்துத் தொடர்கள் பல, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்து கிளம்பியவை. 1993இல் சன் டிவி வந்தது. அதன் முதல் பத்தாண்டில், தமிழ் விமர்சனம் இன்றுவரை உரிய மரியாதை தராத ஓர் இயக்குநர் வேலை செய்தார். இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை ‘மர்மதேசம்’ வரிசையாக எடுத்த நாகாவைச் சொல்கிறேன். அந்த வரிசையில் ‘விடாது கருப்பு’ என் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை; ஏனென்றால் அது முழுக்க முழுக்க மர்மக் கதை. ஊரில் தவறு செய்கிறவர்களைக் குதிரையேறி வந்து தண்டிப்பது கருப்பசாமியா, மனிதனா என்ற கேள்வியை வாரக்கணக்கில் இழுத்துச் சென்றது. ராஜேந்திரனின் பிளவுண்ட மனமே அந்தக் கருப்பு என்ற விடை, திருப்பம் என்ற அளவில் பெரிதுதான். ஆனால் விடை தெரிந்த பிறகும் அந்தத் தொடரை மறுபடி மறுபடி பார்க்கிறார்களே, அது எதனால்? சிறுவன் ராஜேந்திரனின் அச்சமும் அவன் பட்ட அடியும் தொடக்கத்திலிருந்தே கண் முன்னால் கிடந்தவை. கடைசி எபிசோடு எதையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. வாரந்தோறும் பார்த்துக் கடந்துவிட்ட ஒரு குழந்தையின் வலியை அது நம் முன் நிறுத்திப் பதில் கேட்டது. மர்மக் கதைக்குக்கூட வியப்பு வாசற்படி மட்டுமே. நிறைவு உள்ளே இருக்கிறது.

பிறகு வந்தது நெடுந்தொடர்களின் காலம். 1999 டிசம்பரில் ‘சித்தி’, 2002இல் ‘மெட்டி ஒலி’, அடுத்த ஆண்டு ‘கோலங்கள்’. கடைசியாகச் சொன்னது 1,500 எபிசோடுகளையும் தாண்டியது. பார்வையாளரை இழித்துப் பேசும் வழக்கமும் இந்தக் காலத்தில்தான் ஊன்றியது. திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். 2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி லைன் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வரும் பெண், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே தொடர் பார்க்கிறாள். விட்டுப்போன நாளின் கதையைப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்கிறாள். முன்கூட்டித் தெரிவதால் அவளுக்கு எதுவும் கெடுவதில்லை. ஆனால் வாரம் முழுக்கத் தைத்த பீஸுக்குச் சனிக்கிழமை கணக்குப் பார்த்து வாங்குகிறவள் அவள். ஆயிரம் நாள் ஒரு பெண்ணை அழவைத்த மாமனாரோ கணவனோ, கடைசி நாளில் ஒரு மன்னிப்பு வசனத்தோடு குடும்பப் புகைப்படத்தில் நின்றால், கணக்கு இடிக்கிறது என்று அவளுக்கு உடனே தெரியும். இந்த இடிப்புக்குக் காரணம் அவளுடைய ரசனைக் குறைவல்ல. ரேட்டிங் இருக்கும்வரை இழுப்பது, இறங்கியதும் சில நாளில் மூடுவது என்ற ஏற்பாட்டில் முடிவை எழுதுவது கதாசிரியர் அல்லர், ஒளிபரப்பு அட்டவணை. கட்டிங்கில் போன தவறைப் பிசிறு வெட்டுமிடத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது.

‘எதிர்நீச்சல்’ இதில் மிகவும் வருத்தம் தருவது. திருச்செல்வம் அதில் ஒரு வீட்டின் அதிகாரத்தையே கதையாக்கினார். ஆதி குணசேகரனாக மாரிமுத்து அந்த அதிகாரத்துக்கு முகம் தந்தார். 2023 செப்டம்பரில் அவர் மறைந்த பிறகும் தொடர் நடந்தது. 2024 ஜூனில் முடிந்தது. டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ வந்துவிட்டது: அதே குடும்பம், அதே குணசேகரன். 700க்கும் மேற்பட்ட நாட்கள் அந்த மருமகள்களோடு நடந்து, ஜூனில் ஒரு கரையைக் கண்டதாக நம்பிய பார்வையாளரை ஆறே மாதத்தில் மறுபடி ஆற்றில் இறக்கிவிட்டார்கள்.

அப்படியென்றால் இணையத் தொடர்களே மேல் அல்லவா என்று கேட்கலாம். அவற்றில் சிறந்தவை மேல்தான். ஆனால் அவற்றைப் புகழ்கிறவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ தொடரின் முதல் சீசன் (2022) குற்றவாளி யார் என்று காட்டியதோடு நின்றிருந்தால் இத்தனை நாள் மனத்தில் தங்கியிருக்காது. தங்கைக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்தது என்ற உண்மையோடு அக்கா நந்தினி எழுந்து நிற்கும்போதுதான் எட்டு எபிசோடுகளின் பாரமும் இறங்குகிறது. அவள் செய்த கொலைக்கான விலையோடு 2025இல் இரண்டாம் சீசன் தொடங்கியது. முதல் முடிவை அழிக்காமல் அதன் விளைவைச் சுமந்து நடப்பதுதான் தொடர்ச்சி. திறந்த முடிவே இலக்கியத் தரம், வாழ்க்கை எங்கே முடிகிறது என்ற மறுப்பும் உண்டு. கேள்வியைத் திறந்துவைக்கலாம், கடனைத் திறந்துவைக்கக் கூடாது. தங்காள் இனி எப்படி வாழ்வாள் என்று பாடகர் சொல்லாமல் விடலாம். அவளைக் களத்துக்கே அனுப்பாமல் உடுக்கையை மூட்டை கட்டியிருந்தால் ஓலப்பாளையம் அவரை விட்டிருக்காது.

தொலைக்காட்சி நிறுவனங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. தூர்தர்ஷன் பதின்மூன்று வாரம் என்று முன்பே சொன்னதுபோல, முதல் எபிசோடு ஒளிபரப்பாகும் அன்றே மொத்தம் எத்தனை எபிசோடு என்று அறிவியுங்கள். நூறோ முந்நூறோ, அது உங்கள் விருப்பம். எழுதுகிறவருக்குக் கடைசி நாள் எதுவென்று தெரியட்டும்.