பெரட்டும் மணியும்

லைனிலிருந்து நாங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது பிரேயர் முடிந்திருக்கும். வாரத்தில் மூணு நாளாவது இப்படித்தான். கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். தை மாசத்தில் புல்லெல்லாம் உறைபனி விழுந்து வெள்ளையாய்க் கிடக்கும். ரப்பர் செருப்புக்குள் விரல் மரத்துப்போகும். வாத்தியார் ஒருத்தர் வந்து தலையை எண்ணுவார். எண்ணி முடித்து, "லைன் புள்ளைங்களுக்கு டைம்னா என்னன்னே தெரியாது" என்பார். எந்தப் பள்ளி, எந்த வாத்தியார் என்பது இங்கே தேவையில்லை. அவர் சொன்னதைத்தான் நான் விமர்சிக்க வேண்டும். ஏனென்றால் டைம் என்றால் என்ன என்று எங்களைவிடத் தெரிந்தவர்கள் இந்த நீலகிரியில் கிடையாது.

அம்மாவுக்கு ஏழரைக்குப் பெரட்டு. கங்காணி, கண்டக்டர் முன்னால் ஆட்கள் நின்று, செக்ரோலில் பேர் விழுந்து, இன்ன காட்டுக்குப் போ என்று பிரித்து விடுகிற இடம் அது. பிந்தினால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. பள்ளிக்கூட மணி ஒன்பதரைக்கு. லைன் பைப்பில் தண்ணி வருவது எட்டு மணிக்கு. ஆக ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் யாரும் கிடையாது. தண்ணி பிடிக்க வேண்டும், தம்பியைக் கழுவி விட்டுச் சோறு ஊட்ட வேண்டும், வீட்டைப் பூட்ட வேண்டும், பிறகு மூணு கிலோமீட்டர் தேயிலைக்குள் நடக்க வேண்டும். அக்காவுக்கு அப்போது பதினொரு வயது, எனக்கு எட்டு.

அதே எஸ்டேட்டில் கிளார்க்கர் வீட்டுப் பிள்ளைகளை ஏழே முக்காலுக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். குன்னூரில் அவர்கள் படித்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு எட்டரைக்கு மணி. எங்கள் மணியைவிட ஒரு மணி நேரம் முந்தி. ஆனாலும் அவர்கள் ஒருநாளும் பிந்தியதில்லை. துரை வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலையே இல்லை, போர்டிங். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே படுக்கை, சாப்பாட்டு மேசை, வகுப்பு எல்லாம் ஒரே வளாகம். பிள்ளை எழுந்திருக்கும்போதே பள்ளிக்குள்தான் இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. போர்டிங் மாதிரிதான் தெரியும். ஆனால் அங்கே தாயையும் பிள்ளையையும் பிரித்துவைத்துத்தான் நேரத்தைச் சரிசெய்கிறார்கள். இந்த மணிகளை வரிசையாக எழுதிப் பட்டியல் போட்டால், எங்கள் பள்ளிதான் எல்லோரையும்விடத் தாமதமாகத் தொடங்குகிற தாராளமான பள்ளி என்று தோன்றும். மணியை மட்டும் பார்க்கிறவனுக்கு மணிக்கு முந்தின நேரம் தெரியாது.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்று மனப்பாடம் செய்தேன். மலையென்றால் நடுராத்திரி, தலைவியைப் பார்க்கத் தலைவன் வருகிற நேரம். வைகறையை மருதத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பரத்தை வீட்டிலிருந்து தலைவன் திரும்புகிற நேரம். மலையில் வைகறைக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கிற பொம்பளைக்கு இலக்கணத்தில் பொழுது ஒதுக்கவில்லை. தேர்வில் இதை எழுதியிருந்தால் ஃபெயில் ஆக்கியிருப்பார்கள்.

எங்கள் பாட்டி சிலோன்காரி. 1964 ஒப்பந்தத்தில் இந்தியக் கணக்கில் விழுந்த குடும்பம். திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அதில்தான் வேலை கிடைத்தது. அங்கே மலைநாட்டுத் தோட்டத்தில் விடிகாலையில் தப்படித்து ஆட்களை எழுப்புவார்கள். அடித்தவர் எங்கள் தாத்தா. "ஒங்க தாத்தன் அடிச்சாத்தான் தோட்டமே முழிக்கும். அவர எழுப்பத்தான் ஆளு கெடையாது" என்று பாட்டி சொல்லும். சாவுக்கும் திருவிழாவுக்கும் எங்கள் பறையை அடிக்க வைத்த சாதியைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அதே பறையைக் கம்பெனி கடிகாரமாக ஆக்கிக்கொண்டதைப் பற்றி இன்னும் போதுமான அளவு எழுதவில்லை. டைம் தெரியாத சாதி என்று சொல்கிறவர்கள், யார் அடித்து யார் எழுந்தார்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும்.

இனி 1953க்கு வருவோம். ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பேர் வைத்து எதிர்த்தோம். சரியான பேர். பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. காமராஜர் முதலமைச்சரானதும் 1954இல் கைவிடப்பட்டது. அப்பன் தொழிலை மகன் கற்க வேண்டும் என்பதைத்தான் இன்றுவரை எல்லா மேடையிலும் பேசுகிறோம். ஆனால் அரசாணைப்படி அது நேரத்தைப் பற்றிய திட்டம். கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் நாளை இரண்டாக வெட்டி, ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி. மீதி நேரம் வீட்டுத் தொழில். பள்ளிக்கே வராத பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும், வாத்தியார் பற்றாக்குறை தீரும் என்று காரணம் சொன்னார்கள். நகரத்துப் பள்ளிகளுக்கு இந்த வெட்டு கிடையாது. எந்தப் பள்ளிக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்ததில்தான் சாதி உட்கார்ந்திருந்தது.

ராஜாஜி இதைத் தானே கண்டுபிடித்ததாகவும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைப் பிள்ளைகளுக்கு அரைநாள் வேலை, மூன்று மணி நேரம் பள்ளி என்று வைத்திருந்தது. அங்கேயும் அதே மூன்று மணி. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் பிள்ளைகள் 6 வயதிலிருந்து 12 வரை 25 பேருக்கு மேல் இருந்தால் முதலாளி கல்வி வசதி தரும்படி அரசு விதி செய்யலாம் என்றது. அதே சட்டம் 12 வயது முடியாதவர்களைத்தான் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 12 முடிந்தால் வேலைக்கு எடுக்கலாம். பள்ளி வயது முடிகிற இடத்தில் வேலை வயது தொடங்குகிற மாதிரி ஒட்டிவைத்திருந்தார்கள். அந்த வேலைப் பிரிவு 1986இல்தான் நீக்கப்பட்டது.

இன்றைக்கு அப்படியெல்லாம் இல்லை என்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்புவரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்கிறது. நாளுக்கு நாலு மணி நேரம் குறையாமல். தினமும் ஒரு மணி நேரம் பிந்தி வருகிற, அல்லது கேட்டுக்கு வெளியே நிற்கிற பிள்ளைக்கு மிஞ்சுவது மூன்று. 1953இல் ஆணை போட்டுக் கொடுத்த அதே மூன்று மணி நேரம் இன்றைக்கு ஆணை இல்லாமலே கிடைக்கிறது. அன்றைக்கு எதிர்க்க ஒரு பேர் இருந்தது. இன்றைக்கு அதற்கு 'லேட் கமிங்' என்று பேர். பழியும் பிள்ளை மேலேயே விழுகிறது.

பள்ளி நேரம் பற்றிய பேச்சு இப்போது பல இடத்தில் நடக்கிறது. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் 2024இல் நாலாம் வகுப்புவரை ஒன்பது மணிக்கு முன் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. இரண்டுக்கும் காரணம் பிள்ளைகளின் தூக்கம். நல்ல காரணம்தான், நான் கேலி செய்யவில்லை. ஆனால் பள்ளி பத்து மணிக்கு என்றாலும் எங்கள் லைனில் ஐந்தரைக்கு விளக்கு எரியும். பத்துக்குப் பத்து அறையில் அம்மா எழுந்தால் எல்லோரும் எழுந்தாயிற்று. பக்கத்துக் கேரளத்தில் 2025இல் உயர்நிலைப் பள்ளிக்கு அரைமணி கூட்டியபோது, மதரசா வகுப்பு கெடும் என்று முஸ்லிம் அமைப்புகள் கேள்வி கேட்டன. அரசு கூப்பிட்டுப் பேசியது. மணிக்கு முந்தின நேரத்தில் பிள்ளைகளுக்கு வேறு வாழ்க்கை இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு ஓர் அமைப்பு இருந்தது. எங்களுக்காக எந்தத் தொழிற்சங்கமும் அப்படிப் போய் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. போனஸ் பேசுவார்கள்.

அக்கா ஆறாம் வகுப்போடு நின்றாள். பதிவேட்டில் 'ஆர்வமின்மை' என்று எழுதினார்கள். அவள் நின்ற பிறகு நான் ஒருநாளும் பிந்தவில்லை. தண்ணி அவள் பிடித்தாள், தம்பியை அவள் பார்த்தாள். "பாரு, திருந்திட்டா" என்று என்னைக் காட்டி அதே வாத்தியார் மற்றப் பிள்ளைகளிடம் சொன்னார்.

நான்கைந்து வருஷத்துக்கு முன் நாங்கள் சில பேர் ஒரு மனு எழுதினோம். எஸ்டேட் பகுதித் தொடக்கப்பள்ளிகளை ஏழு மணிக்கே திறக்க வேண்டும், பெரட்டுக்குப் போகிற தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போகட்டும் என்று. கையெழுத்து வாங்கும்போதே எனக்கு உறுத்தியது. தோட்டத்தின் வசதிக்குப் பள்ளியை வளைப்பதுதானே இது? 1953இல் கேட்டதும் அதுதானே? பாதையும் லேசில்லை. பந்தலூர் பக்கம் 2024 ஜனவரியில் அங்கன்வாடியிலிருந்து அம்மாவோடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை அடித்துக் கொன்றது. ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். யானையும் சிறுத்தையும் நடக்கிற நேரத்துக்குப் பிள்ளைகளைப் பாதையில் இறக்கிவிடச் சொல்லி நானே கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

நேரத்தைப் பற்றிப் பேசாமலே கொஞ்சம் மாற்றியது காலைச் சிற்றுண்டித் திட்டம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. மணிக்கு முன்னாலேயே பள்ளி திறக்கிறது, அடுப்பு எரிகிறது, சமைக்கிற அக்கா இருக்கிறாள். உப்புமாவுக்காகப் பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்தேன். வாத்தியார் பிரம்பால் முடியாததை உப்புமா செய்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் தட்டு இல்லை. அக்கா நின்றதும் ஆறாம் வகுப்பில்தான்.

அக்கா இப்போது கொழுந்து எடுக்கிறாள். போன மாசம் லைனுக்குப் போயிருந்தபோது பழைய மனுவின் நகலைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பள்ளிக்கூட மணிய மாத்து, பஸ்ஸ மாத்துன்னு எழுதியிருக்க. பெரட்ட மாத்தச் சொல்லி எழுதலியே?"

எழுதவில்லை. பெரட்டு நேரம் மழை, பனி மாதிரி என்றே நாங்களும் நினைத்திருந்தோம். இப்போது வேறு மனு எழுதியிருக்கிறோம். பள்ளிப் பிள்ளை உள்ள பெண்களுக்கு ஒன்பதே முக்காலுக்குப் பெரட்டு, முழுச் செக்ரோல், கூலியில் பிடித்தம் கூடாது. பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் கண்டக்டருக்குப் பயந்து அடித்துவிடச் சொன்னார்கள். அக்கா பேர் முதலில் இருக்கிறது.