பரோலோவின் துவர்ப்பைக் கண்டு ஓடாதீர்கள்

பரோலோ என்ற பெயரைப் புட்டியில் பார்த்ததும், ஒயினுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒதுங்கிப்போய்விடுகிறார்கள். இருபது வருஷம் வைத்திருந்தால்தான் வாயில் வைக்க முடியும், துவர்ப்பு நாக்கைக் கட்டிப்போட்டுவிடும், விலையோ கட்டுப்படியாகாது என்று யாரோ சொன்னதை நம்பி, பக்கத்தில் இருக்கும் இனிப்பான, கனமான சிவப்பு ஒயினை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். அந்தப் பேச்சு ஒரு காலத்தில் பொருந்தியிருக்கலாம். இன்று அந்தக் குன்றுகளில் ஒயின் செய்கிறவர்கள் வேறு தலைமுறை. அவர்களுடைய ஒயினை ஒரு மிடறுகூடச் சுவைக்காமல் பரோலோவைத் தள்ளிவைப்பது பெரிய இழப்பு.

அடிப்படைகளை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். இத்தாலியின் வடமேற்கில் பீட்மாண்ட் பிராந்தியம். அங்கே லாங்கே குன்றுகள். அவற்றில் 11 ஊர்கள். அங்கே விளையும் நெபியோலோ என்ற ஒரே திராட்சையில்தான் பரோலோ செய்யப்படுகிறது. குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். வயிறு அகன்ற கோப்பை, 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி. ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

கோப்பையை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பிடியுங்கள். ஒயினின் ஊடாகத் தாளில் உள்ள எழுத்தைப் படிக்க முடியும். நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். நெபியோலோவின் தோலில் உள்ள நிறம் நிலைக்காதது, சீக்கிரமே ஆரஞ்சை நோக்கிச் சாயும். இது அதன் பிறவிக்குணம். ஒயின் மை போலக் கறுத்திருந்தால்தான் உயர்ந்தது என்ற எண்ணத்தை, நூற்றுக்கு மதிப்பெண் போடும் விமர்சகர்கள் தொண்ணூறுகளில் உலகம் முழுக்கப் பரப்பினார்கள். நிறத்தை வைத்து ஒயினை எடைபோடுவதைவிட மேம்போக்கான ரசனை வேறில்லை. வெளிறிய இந்தச் சிவப்புக்குள்தான் உலர்ந்த ரோஜாவும் செர்ரியும் தாரின் மெல்லிய வாசமும் இருக்கின்றன.

இனி முக்கியமான விஷயம். பரோலோவில் துவர்ப்பு அதிகமா குறைவா என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். துவர்ப்பு தரும் பொருள் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் வாயின் வழுவழுப்பு போய் வறட்சி தெரிகிறது. அந்தப் பொருள் ஒயினுக்குள் வர இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, திராட்சையின் தோலும் விதையும். இன்னொன்று, ஓக் பீப்பாய். பழகிய நாக்குகள் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். தோலின் துவர்ப்பு முன்பற்களுக்கு மேலே ஈறில் மெல்லப் பிடிக்கும். சில நொடிகளில் உமிழ்நீர் மறுபடி சுரக்கும், அடுத்த மிடறை வாய் கேட்கும். புது மரத்தின் துவர்ப்பு நாக்கின் பின்பகுதியில் போய் உட்காரும். மரத்தூளின் வறட்சியும் வெனிலா வாசமும் கூடவே வரும், போகாமல் தங்கும். விழுங்கிய பிறகு பேசாமல் பத்து எண்ணுங்கள். ஈறில் பிடித்ததா, தொண்டைக்குப் பக்கத்தில் உலர்ந்ததா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால், பரோலோ பற்றிய பாதி நூல்களைத் தாண்டி வந்தாயிற்று.

தோலிலிருந்து வருவதிலும் நுட்பம் இருக்கிறது. தேயிலையை வெந்நீரில் அசையாமல் ஊறவிடுவதற்கும் கரண்டியால் அழுத்திப் பிழிவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. நொதிக்கும்போது தோல்கள் மேலே மிதந்து தொப்பிபோல் திரளும். பழைய முறையில் தொட்டிக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கே செருகி அந்தத் தொப்பியைச் சாற்றுக்குள் அமுக்கி வைப்பார்கள். ஒரு மாதமோ அதற்கு மேலோ அது அப்படியே ஊறும். நாள் கூடினால் கரடு கூடும் என்று நினைப்பது தவறு. கடுமை அமளியால் வருகிறது. கலக்காமல், குத்தாமல் ஊறிய தோல் மென்மையான துவர்ப்பைத் தரும்.

இதைப் புரிந்துகொண்டால் பரோலோவில் மரபுக்காரர்களுக்கும் நவீனர்களுக்கும் நடந்த சண்டையும் புரியும். பரோலோ செய்யும் குடும்பத்தில் பிறந்த எலியோ அல்தாரே, பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டிக்குப் போய்வந்தவர். 1983-ல் சங்கிலி ரம்பத்தை எடுத்துக் குடும்பத்தின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்தார். அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்தார். அல்தாரேயும் நண்பர்களும் 225 லிட்டர் கொள்ளும் பாரிக் என்ற சின்னப் பிரெஞ்சுப் பீப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். சுழலும் எந்திரத் தொட்டிகளில் ஊறலைச் சில நாட்களுக்குச் சுருக்கினார்கள். நிலவறைச் சுத்தத்தையும் கொத்துகளைக் குறைத்து விளைவிக்கும் பொறுமையையும் அந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்தக் கடன் பெரியது. ஆனால் அவர்கள் வழியில் வந்த பல ஒயின்களில் தோலின் துவர்ப்பு குறைந்து மரத்தின் துவர்ப்பு ஏறிக்கொண்டது. எதிரணியில் மரபுக்காரர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, பாரிக்கும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று புட்டிச் சீட்டிலேயே கையால் எழுதினார்.

மரபா நவீனமா என்று இன்றும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். இளையவர்கள் அந்தக் கோட்டை அழித்தே விட்டார்கள். பரோலோ ஊர்களில் ஒன்றான லா மோர்ராவின் உச்சியில் செர்ராதெனாரி தோட்டம் 500 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. நெபியோலோ பழுக்காத குளிர் என்று முன்பு ஒதுக்கப்பட்ட உயரம் அது. வெயில் கூடிவிட்ட இந்தக் காலத்தில் ஜூலியா நேக்ரி அங்கே செய்யும் பரோலோ இறகுபோல் லேசாக இருக்கிறது. அவர் பர்கண்டியின் பெரிய ரசிகை. ஆனால் பர்கண்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது மென்மையை, சின்னப் பீப்பாயை அல்ல. லாலூ என்ற பெயரில் ஒயின் செய்யும் லாரா ரொக்கியெத்தி, லூயிசா சாலா இருவரும் பொலென்சோ உணவியல் பல்கலைக்கழகத்தில் சந்தித்தவர்கள். ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவைத் தாண்டும் ஊரில், பரம்பரைத் தோட்டம் இல்லாமல் தொடங்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மரபுவழி ஒயின்காரர் ஜூசெப்பே ரினால்தியின் மகள்கள் மார்த்தாவும் கார்லொத்தாவும் சந்தித்த சோதனை வேறு வகை. இரண்டு தோட்டங்களின் பெயரை ஒரே சீட்டில் போடக்கூடாது என்று 2010 அறுவடையிலிருந்து விதி வந்தது. அந்தக் குடும்பமோ காலங்காலமாகத் தோட்டங்களைக் கலந்தே செய்துவந்தது. புரூனாத்தே தோட்டம் தனிப்பெயரோடு நின்றது. மற்றத் தோட்டங்களின் கலவை த்ரே தீனே என்ற பெயரில் வந்தது. ஒற்றைத் தோட்டப் பெயருக்காகக் காசை அள்ளி வீசும் இன்றைய மோகத்துக்கு இந்தக் கலவை ஒயின் நல்ல பதில்.

புதுமை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு வெர்ஞே கிராமத்து வைரா குடும்பத்தின் கிளாரே என்ற ஒயினைக் கொடுக்க வேண்டும். சவாய் அரசவை நகைக்கலைஞர் ஜொவான்னி பத்தீஸ்தா குரோச்சே 1606-ல் எழுதிய நூலைப் பின்பற்றி, கொஞ்சம் திராட்சையைக் காம்போடு முழுக்கொத்தாகவே சேர்த்து, இளமையிலேயே குடிப்பதற்காகச் செய்யப்படும் நெபியோலோ அது. காம்பு மூன்றாவது துவர்ப்பு. பச்சையாக, லேசான மிளகு வாசத்தோடு வரும். மரபின் காவலர்கள் கொண்டாடும் பரோலோவைவிட அந்தச் செய்முறை பழையது.

ஒரு யோசனை, காதோடு காதாக: நேராகப் பரோலோவை வாங்க வேண்டாம். பிடித்த தயாரிப்பாளரின் லாங்கே நெபியோலோவை முதலில் வாங்குங்கள். அதே கை, அதே திராட்சை, விலை பெரும்பாலும் பாதிக்கும் கீழே. த்ரேதிபேர்ரி ஒயின் நிறுவனத்தின் நிக்கோலா ஓபெர்த்தோ போன்றவர்கள் அதை இரண்டாந்தரமாக நினைத்துச் செய்வதில்லை. வெறும் வாயில் குடித்துவிட்டு முகம் சுளிக்காதீர்கள். துவர்ப்புக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சி, வெண்ணெயில் புரட்டிய முட்டை நூடுல்ஸ், நன்றாக முதிர்ந்த சீஸ், எதுவானாலும் சரி. பக்கத்தில் பாரிக்கில் முதிர்ந்த ஒயின் ஒரு கோப்பையும் வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். ஈறா தொண்டையா என்பது இரண்டாவது மிடறிலேயே தெரிந்துவிடும்.