பழைய மடிக்கணினிக்கு ஏற்ற லினக்ஸ்

வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் வழங்கலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கணினியின் நினைவகம். வலப்பனைப் பக்கத்துத் தோட்ட வீடொன்றில், கொழும்பில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்த பழைய மடிக்கணினி இருப்பதாகக் கொள்வோம். நினைவகம் 4 ஜிபி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு அதில் இல்லை. அதற்காக அதை ஒதுக்கிவிடத் தேவையில்லை, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இத்தகைய கணினிக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாகப் பொருந்தும். உபுண்டுவின் க்னோம் முகப்பு அழகானது, ஆனால் 4 ஜிபியில் மூச்சுத் திணறும். 32-பிட் செயலி என்றால் தெரிவு மிகச் சுருங்கிவிடும்: 2025-இல் வந்த டெபியன் 13, அவ்வகைக் கணினிகளுக்கு நிறுவியே தரவில்லை. கண்டி மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, பெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கையில் உருவான ஹந்தான லினக்ஸ் மீது பற்று வருவது இயல்பே. எந்த வழங்கலானாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றனவா என்று பார்த்த பிறகே பற்றுக்கு இடம்.

மின்டின் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. உபுண்டு ஒரு காலத்தில் குறுவட்டுகளை உலகெங்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பியது; 2011-இல் அது நின்றது. இப்போது நாமேதான் தரவிறக்க வேண்டும். இரவு டேட்டா உள்ள பொதி இதற்கு உதவும். மலைச்சரிவில் சிக்னல் அறுந்து அறுந்து வருமாதலால், இறங்கிய கோப்பின் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடாமல் பென் டிரைவில் எழுதக்கூடாது.

வழங்கலைத் தேர்ந்தெடுக்கும் கலையின் மிக அழகான பகுதி அடுத்து வருகிறது. பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கினால், வன்தட்டைத் தொடாமல் முழு முகப்பும் கண்முன் ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழித்தெழுகிறதா என்று ஆற அமரச் சோதிக்கலாம். தமிழுக்கும் அப்போதே ஒரு சோதனை வைப்பது நல்லது. விசைப்பலகைப் பட்டியலில் இலங்கைக்குக் கீழே தமிழ்நெட் 99 இருக்கிறது. அதில் ‘கொழுந்து’ என்று தட்டும்போது ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் சரியாக அமர்ந்தால் எழுத்துரு ஒழுங்காக உள்ளது. வேறெந்த அமைப்பும் வாங்குமுன் இப்படி முழுதாக ஓட்டிப் பார்க்க விடுவது அரிது.

நிறுவுவது அதற்குப் பின் சிறு வேலை. படங்களையும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் வெளியே நகலெடுத்த பின்பே வன்தட்டைப் பிரிக்க வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வைக்க வேண்டும். பிரிப்பின் நடுவே மின்சாரம் போனால் தரவு சிதையும். பற்றரி நிறைந்திருக்க வேண்டும், இடி முழங்கும் பிற்பகல் இதற்கு ஆகாது. நிறுவும்போது நேர வலயமாகக் கொழும்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறுவிய பின்னும் ஒரு வேலை மிச்சம். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வினாத்தாள்களும் கடிதங்களும் புதிய அமைப்பில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பாமினிக் கோப்பை வீட்டு அடைவின் எழுத்துருக் கோப்புறையில் போட்டால் அவை மீண்டும் தமிழாகும். புதிதாக எழுதுவதை யுனிகோடில் எழுதுவதே சரி.