சரித்திரக் கல்வியும் புள்ளியிடும் முறையும்

போர்த்துக்கீசர் இலங்கைக்கு முதன்முதல் வந்த ஆண்டு யாது? இவ்வினாவிற்கு 1505 என விடையெழுதும் மாணாக்கன் முழுப் புள்ளி பெறுவான். 1506 என எழுதுபவன் யாதும் பெறான். பாடநூல்கள் 1505 என்றே கூறி வந்தமையே இதற்குக் காரணமாம். ஆயின், உலொறென்சோ டி அல்மேதா இலங்கையை அடைந்தது 1506ஆம் ஆண்டிலேயே என டொனால்ட் பேர்கியூசன் என்பார், றோயல் ஆசியச் சங்க இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் 1907ஆம் ஆண்டிற் சான்றுகள் காட்டி வாதித்துள்ளார். அதனை அறிந்தெழுதிய மாணாக்கனைத் தண்டித்தல் நீதியாகுமா?

பல நூறு விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் அளத்தற்கு ஒரே விடை வேண்டுமென்பர். அக்கூற்றிற் சிறிது உண்மையுண்டு. காரணங் கூறாது 1506 என்பவன் ஊகித்தவனாகலாம். ஆனால், 1505 என்பவனும் பொருளுணராது மனனஞ் செய்தவனாகலாம். ஆண்டை மட்டும் வினவும் வினாத்தாள் இவ்விருவரையும் வேறுபடுத்தி அறியமாட்டாது.

ஆதலின், ஆண்டிற்கு ஒரு புள்ளியும், அதற்குரிய சான்றை எடுத்துரைத்தலுக்கு இரு புள்ளியும், மாறுபட்ட சான்றுகளைச் சீர்தூக்குதலுக்கு இரு புள்ளியும் வகுத்தல் தகும். இவ்வகுப்பினைத் தவணைத் தொடக்கத்திலேயே ஆசிரியர் மாணாக்கருக்கு அறிவித்தல் வேண்டும். எதற்குப் புள்ளி உண்டோ அதனையே மாணாக்கர் கற்பர். நாம் ஆண்டிற்கு மாத்திரம் புள்ளியிட்டு, ஆராய்ச்சி மனப்பான்மை அருகிவிட்டதென அவர்களைக் குறைகூறுதல் பொருந்தாது.